அத்தைக்கு ஊசி, எனக்கு அலறல்

என் ஒன்பதாவது வயதில் எனக்குக் காசநோய் வந்துவிட்டது என்று முதலியார்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க நம்பியது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நோய் எனக்கில்லை, அப்பாவின் தங்கைக்கு. அத்தைக்கு அப்போது இருபது வயது. அரியாங்குப்பத்திலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போயிருந்தார்கள். அவர்கள் சொல்லி அனுப்புவதற்குள் அத்தையின் இருமல் முந்திக்கொண்டது. பொங்கலுக்குக் கரும்பு தின்றதால் வந்த இருமல் என்று அப்பா சொன்னார். கரும்பு தீர்ந்த பிறகும் இருமல் தீரவில்லை.

மில்லுக்குப் போகும் சாலையில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரி இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் படித்துவிட்டு வந்த வயதான டாக்டர். அங்கே வைத்தியம் மட்டும் கிடைத்தது என்று சொன்னால் பாதி சொன்னதாகத்தான் ஆகும். செவ்வாய்க்கிழமை கைக்குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். சனிக்கிழமை டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டைக் கொண்டுபோனால் கன்னியாஸ்திரிகள் மடத்தில் பால்பவுடரும் முட்டையும் தருவார்கள். பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கவும் அவர் சீட்டுதான். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டுமென்றாலும் பெண்கள் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். இதனால் வாசல் பெஞ்சில் எப்போதும் ஊரே உட்கார்ந்திருக்கும். பழைய சொல்தா ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். உடம்புக்கு ஒன்றுமில்லாமலே தினமும் காலையில் வந்து, யாருக்கு என்ன வியாதி என்று தெரிந்துகொண்டு போவார். அவருக்குத் தெரிந்தால் மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரியும்.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது இதுதான்: மூன்று மாதம் தினமும் ஊசி, அதோடு தொடங்கி ஒன்றரை வருடம் மாத்திரை, ஒருநாள்கூட விடக்கூடாது, முழுக்கக் குணமாகும்வரை கல்யாணப் பேச்சும் கூடாது. எங்கள் மூன்று பேரின் நெஞ்சையும் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். ஆனால் தொண்ணூறு நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தால் அத்தையை யார் கட்டுவார்கள்? குணமான பிறகும் அந்தப் பெயர் போகாதே.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள்.

"ஊசி பாப்பாவுக்குன்னு சொல்லிக்கிறோம் டாக்டரய்யா. அவ அத்த கூட்டினு வரான்னு இருக்கட்டும்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரிஜிஸ்தர்ல நெசமான பேருதாம்மா இருக்கும். பெஞ்சுல ஒக்காந்துனு இருக்கறவங்க என்னா நெனைக்கறாங்கன்றது என் வேல கெடையாது" என்றார்.

அப்படித்தான் நான் நோயாளியானேன். தினமும் காலையில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு போவாள். பெஞ்சில் நான் துவண்டு அவள் தோளில் சாய்ந்துகொள்ள வேண்டும். நர்ஸம்மா கூப்பிட்டதும் இருவரும் பச்சைத் திரைக்குப் பின்னால் போவோம். ஊசி அத்தையின் இடுப்பில் இறங்கும். அலறுவது நான். வெளியே வரும்போது நொண்டுவதும் நானாகத்தான் இருக்க வேண்டும். முதல் நாள் கொஞ்சம் முந்தி அலறிவிட்டேன். "இரு, மருந்தையே இன்னும் எடுக்கல" என்று நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். ஒரு வாரத்தில் தேறிவிட்டேன். வெளியே சொல்தா கேட்டு உச்சுக்கொட்டும் அளவுக்கு அலறினேன். உண்மையில் குத்துப்பட்ட அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நிற்பாள்.

தெருவில் எனக்கு மவுசு ஏறியது. யார் யாரோ ரொட்டி வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வீட்டுப்பாடம் கேட்பதை நிறுத்தினார். கூடவே இன்னொன்றும் நின்றது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் என்னோடு பாண்டி ஆட வரவில்லை. என் குவளையில் தண்ணீர் குடித்த பெண்ணை அவள் அம்மா என் எதிரிலேயே அடித்தாள். அன்று நான் அழுதுகொண்டு வந்தபோது அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நானே பாண்டிக்கோடு கிழித்து அவளைக் கூப்பிட்டதும், முந்தானையைச் செருகிக்கொண்டு எனக்கு ஈடாக ஒற்றைக்காலில் குதித்தாள். அம்மா குதித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஊசி ஆரம்பித்து ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் நாங்கள் போனபோது பெஞ்சில் அரியாங்குப்பத்து அம்மா உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் தாயார். முழங்கால் வீங்கி, அந்தக் காலை நீட்டி வைத்திருந்தார். அத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள். திரும்பி ஓடவும் முடியாது, அவர் பார்த்துவிட்டார்.

"வாம்மா. யாருக்கு ஒடம்பு?"

அத்தை என்னைப் பார்த்தாள். நோயாளி நானிருக்க அவள் எதற்குப் பேச வேண்டும்? "எனக்குத்தான். நெஞ்சுல பூச்சி. தெனமும் ஊசி போடறாங்க" என்றேன்.

"அடப் பாவமே. எத்தினி நாளைக்கு?"

"ஊசி மூணு மாசம். மாத்திரை அடுத்த வருசம் ஆடி வரைக்கும். ஒருநாள் வுட்டாலும் திரும்ப மொதல்லேர்ந்து" என்று டாக்டர் குரலிலேயே ஒப்பித்தேன்.

நர்ஸம்மா கூப்பிட்டாள். என் வாழ்நாளிலேயே சிறந்த அலறலை அன்றைக்குத்தான் அலறினேன். அலறி முடித்த பெருமையில், நொண்ட வேண்டும் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. திரையைத் தள்ளிக்கொண்டு துள்ளி ஓடி வந்தேன். பின்னால் அத்தை, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தாள்.

அந்த அம்மா என் கால்களைப் பார்த்தார். அத்தையின் காலைப் பார்த்தார்.

"ஊசி ஒனக்குத்தானடி? ஒங்கத்த ஏன் நொண்டறா?"

"வரும்போது கல்லுல இடிச்சிக்கிச்சி" என்றேன். எப்படிப்பட்ட சமயோசிதம் என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த வீங்கிய முழங்காலோடு எழுந்து நின்றார். "இங்க ஒக்காரும்மா. ஒடனே நடந்தா மருந்து கட்டிக்கும். செத்த தேச்சிவுட்டுட்டு அப்பறமா போ" என்று தன் இடத்தை அத்தைக்குக் கொடுத்தார். அத்தை தலை நிமிராமல் உட்கார்ந்தாள். கல்லில் இடித்துக்கொண்டதற்கு இந்த அம்மா ஏன் மருந்து என்கிறார், விவரம் தெரியாதவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. எல்லாம் முடிந்துபோச்சு என்று அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "எனக்குக் கல்யாணமே வேணாம் அண்ணி" என்று அத்தை சொல்ல, அம்மா அவளை அதட்டி மாத்திரையை விழுங்க வைத்தாள். என் பொய்யை நம்பித்தான் அவர் போனார் என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

பத்து நாள் கழித்து அவர்கள் வந்தார்கள். தட்டில் பூவும் பழமும் இருந்தன. நான் அம்மாவை ஒரு பார்வை பார்த்தேன்.

"பொண்ணு எங்களுக்குத்தான். ஆனா கல்யாணம் இப்ப வேணாம். மாடியில ஒரு ரூம்பு கட்டணும், ஒடனே முடியாது. அடுத்த வருசம் ஆவணில வச்சிக்கலாம்" என்றார் அந்த அம்மா.

ஒன்றரை வருடமா என்று அப்பா வாயைத் திறந்தார். அம்மா சமையலறை வாசலிலிருந்தே கண்ணைக் காட்டி அவரை அடக்கினாள். உள்ளே அத்தை தரையில் உட்கார்ந்து, முகத்தைப் புடவையால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அம்மா போய் அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு மாடி அறைக்காக என் அத்தையை ஒன்றரை வருடம் காக்க வைப்பதா?

புறப்படும்போது அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "ஒடம்ப பாத்துக்க பாப்பா. மாத்திரைய ஒருநாளும் வுட்டுடாத" என்றார். சொன்னது என்னிடம், கண் போனது சமையலறைப் பக்கம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னால்கூட நான் போகவில்லை.

ஆடி மாதம் அத்தை கடைசி மாத்திரையை விழுங்கினாள். புதிய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர் 'த்ரே பியேன்' என்றார். பிரெஞ்சில் ரொம்ப நல்லது என்று அர்த்தம். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

மறுவீட்டுக்கு நானும் அரியாங்குப்பம் போனேன். போனதும் முதல் வேலையாக அந்த மாடி அறையைத் தேடினேன். தாழ்ந்த ஓட்டு வீடு. மாடியும் இல்லை, மாடிக்குப் போகப் படியும் இல்லை. நேரே அந்த அம்மாவிடம் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன். "எங்க அந்த ரூம்பு?"

அவர் திரும்பி, முற்றத்தில் மாப்பிள்ளையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைப் பிடித்து, "ஒனக்கு ஒடம்பு இப்ப தேவலையாடி கண்ணு?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

பொய் சொல்லி மாட்டிக்கொண்டதால் அழுகிறார் என்று நினைத்தேன்.