ஓடிக்கொண்டிருக்கிறது, தொடாதீர்கள்

மாலை ஏழு மணிக்கு என் வீட்டு மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்தால் சுடும். வெயில் போய் வெகுநேரம் ஆகியிருக்கும். காகங்கள் அடங்கியிருக்கும், எதிர் ஃபிளாட்டில் குக்கர் கத்திக்கொண்டிருக்கும். ஆனாலும் சுடும். மதியம் வெளிப்பக்கம் அடித்த வெயில் செங்கல் செங்கலாக நடந்து இப்போதுதான் உள்ளே வந்து சேர்கிறது. பெசன்ட் நகரில் தனியாக இருக்கிற எனக்கு மாலையில் வருகிற விருந்தாளி அது ஒன்றுதான். நேற்றும் வந்தது. கூடவே சுபத்ராவையும் அழைத்து வந்துவிட்டது.

சுபத்ராவைப் பற்றிச் சொல்லச் சுவரில் தொடங்கித்தான் ஆக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், சாஸ்திரி நகரில், ஒரு தையல் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். படிகளில் எப்போதும் இஸ்திரிப் பெட்டியின் கரி வாசனை. இன்றைக்கும் கரி வாசனை வந்தால் எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று பதற்றம் வரும். உலைச் சுவர்கள் எப்படிச் சூடேறும், எப்படி ஆறும் என்று கணக்கிட்டு ஆலைகளுக்குக் கொடுப்பது எங்கள் தொழில். உலையை அணைத்த பிறகு உள்ளே ஆள் இறங்கிச் செங்கல் மாற்ற எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? அவசரப்பட்டுச் சொன்னால் ஒருவன் வெந்துபோவான்.

ஒரே நிலையில் நிற்கிற சூட்டைக் கணக்கிடுவது சுலபம். நொடிக்கு நொடி மாறுகிற சூடுதான் படுத்தும். சுவரின் குறுக்கே வரிசையாகப் புள்ளிகள் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளிக்கும் இடப்பக்கத்து வீட்டையும் வலப்பக்கத்து வீட்டையும் மட்டும்தான் தெரியும். அவர்களின் இப்போதைய சூட்டைக் கேட்டுக்கொண்டு, தன்னுடைய அடுத்த நொடியைச் சொல்லும். பிறகு அதற்கடுத்த நொடி. இப்படியே சுவர் ஆறும்வரை, குழந்தை நடப்பதுபோல் சின்னச் சின்ன அடி.

அடியைப் பெரிதாக வைத்து, நடுவில் நொடிகளைத் தாண்டிக் குதித்தால் எல்லாம் கெட்டது. சேர்ந்த புதிதில் நான் வைத்தேன். திரையில், கொதிக்கிற சுவருக்கு நடுவே ஒரு புள்ளி பனிக்கட்டியைவிடக் குளிர்ந்தது. அடுத்த புள்ளி சூரியனாகிவிட்டது. நான் விழித்துக்கொண்டிருந்தபோது, அதுவரை என்னோடு பேசியிராத மயிலாப்பூர்க்காரி ஒருத்தி பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உன் உலைக்குள்ள ஐஸ்கிரீம் கடை வெச்சுடலாம் போலருக்கே" என்றாள்.

அப்படித்தான் சுபத்ரா எனக்குக் கிடைத்தாள்.

கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. ஏசி அதற்காகத்தான் இருந்தது, எங்களுக்காக அல்ல. செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல் போக வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து கணக்கை ஓடவிட்டால், அந்தச் சின்ன அடிகள் முடியப் பொழுது சாய்ந்துவிடும். நடுவில் யாராவது விசையைத் தட்டினால் மொத்தமும் பாழ். அதனால் சுபத்ரா ஓர் அட்டையில் 'ஓடிக்கொண்டிருக்கிறது, தொடாதீர்கள்' என்று முத்து முத்தாக எழுதி, நூல் கட்டித் திரையின் கழுத்தில் மாட்டிவிடுவாள். வெயில் தாழ்ந்ததும் நாங்கள் இருவரும் கடற்கரைக்கு நடப்போம்.

நான் தி. நகரில் பெண்கள் விடுதியில் இருந்தேன். வாரக் கடைசியில் என் குரலையே நான் கேட்காமல் இருந்துவிடுவதுண்டு. அவளுக்கோ, அண்ணன்கள், மன்னிகள், குழந்தைகள், பாட்டு கற்க வருகிறவர்கள் என்று வீடு நிரம்பி வழிந்தது. "ஆத்துல எனக்குன்னு ஒரு ஜன்னல்கூடக் கிடையாதுடி. தனியா இருக்கணும்னுதான் உன்னோட வரேன்" என்பாள். தனியாக இருக்க என்னோடு வருகிறாள். இதைவிட அழகாக யாரும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நாங்கள் கிளம்புவதற்குச் சற்று முன் அவள் அப்பா தினமும் அலுவலகத்துக்கு ஃபோன் செய்வார். ப்ரோக்ராம் ஓடிண்டிருக்குப்பா என்பாள். அந்த ஒரு வாக்கியம்தான் அவளுக்கு வெளியே இருப்பதற்கான அனுமதிச் சீட்டு.

கடற்கரையை ஒட்டிய ஊரூர் குப்பத்தில் கஸ்தூரி அக்கா மீன் கூடையோடு உட்கார்ந்திருப்பார். சுபத்ரா வாழ்நாளில் மீன் தின்னாதவள். ஆனால் ஒவ்வொரு மீனுக்கும் பெயர் கேட்பாள்.

"வாங்கறது கெடையாது, பேரு மட்டும் கேட்டுக்கினே கீறியே. இன்னா, இன்னிக்கும் மிஷினு ஓடிக்கினு கீதா?"

"ஓடிண்டே இருக்கு அக்கா."

"ஓடட்டும் ஓடட்டும். குந்து."

குந்துவோம். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. ஒருநாள் கிளம்புகிற நேரத்தில் மின்சாரம் போய், பாதிக் கணக்கு செத்துவிட்டது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். சுபத்ரா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு வருத்தமென்றே நினைத்தேன்.

அந்த வருத்தத்தைத்தான் தீர்க்கப் புறப்பட்டேன் நான். என்னைப்போல ஒரு சமர்த்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விடுதியில் பழைய பாடப்புத்தகத்தைத் தோண்டி, இம்ப்ளிசிட் என்ற முறையைப் படித்தேன். புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தத்தித் தத்திப் போகாமல், எல்லாமும் கைகோத்துக்கொண்டு அடுத்த கணத்தை ஒன்றாகத் தீர்மானிக்கிற முறை. அதில் பெரிய அடி வைக்கலாம், சுவர் வெடிக்காது. கமுக்கமாக எழுதி முடித்து, ஒரு மதியம் அவளுக்குப் பரிசாக ஓடவிட்டேன். தேநீர் ஆறுவதற்குள் சுவர் ஆறிவிட்டது.

முதலாளி என் தோளைத் தட்டினார். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. "இனிமே லேட்டே ஆகாது மாமா, டாண்ணு அஞ்சு மணிக்கு உங்க பொண்ண அனுப்பிடறேன்" என்று அவள் அப்பாவிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

சுபத்ரா அட்டையின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்ப்ளிசிட் எனக்குத் தெரியாதுன்னா நெனச்சுண்டே? காலேஜ்ல என் ப்ராஜெக்டே அதுதான்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா சீக்கிரம் முடிஞ்சுடுமே."

கோபமில்லை. மீன் பெயர் கேட்கிற அதே குரல். அன்றைக்கு அது என் வெளிச்சுவரில்தான் பட்டது.

அதன் பிறகு ஐந்து மணிப் பேருந்து, ஜன்னலோரத்தில் அவள் கை. சில மாதங்களில் கல்யாணமாகிப் புனே போனாள். ஒன்றிரண்டு வாழ்த்து அட்டைகள் வந்தன, பிறகு அதுவும் இல்லை. நான் ஒருமுறை தனியாகக் குப்பத்துக்குப் போனேன். ஒண்டியா வந்துகீற, மிஷினு நின்னுபோச்சா என்று கேட்டார் கஸ்தூரி அக்கா. இல்லக்கா, வேகமா ஓடுது என்றேன். "அப்ப மூஞ்சி ஏன் இப்படிக் கீது?" என்றவர், கேட்காமலே ஒரு மீனின் பெயரைச் சொன்னார். வஞ்சிரம். அது எனக்கு ஏற்கனவே தெரியும்.

தையல் கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். கஸ்தூரி அக்கா குந்தியிருந்த இடத்தில் யாரோ பைக் நிறுத்துகிறார்கள். நேற்றுச் சுவரில் சாய்ந்தபடியே மடிக்கணினியைத் திறந்து, அதே உலைச் சுவரை, அதே பழைய முறையில் எழுதினேன். அடியைச் சின்னதாக்கினேன், இன்னும் சின்னதாக்கினேன், எறும்புக்கும் கால் வலிக்கும் அளவுக்கு. ஓடவிட்டுவிட்டு, கடற்கரைக்குப் போகலாமென்று எழுந்தேன்.

ஒரு செருப்பை மாட்டி மற்றொன்றைத் தேடுவதற்குள் முடிந்துவிட்டது.