சாமையும் சோறுதான்

கள்ளக்குறிச்சியில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். கல்வராயன் மலைச் சாமையை வாங்க வரும் சர்க்கரை நோயாளிகளிடம், "எவ்ளோ வேணாலும் சாப்புடுங்க, சுகர் ஏறாது" என்பேன். நானும் அதை நம்பி மூன்று வேளையும் தட்டு நிறையச் சாப்பிட்டேன். எனக்கே சர்க்கரை ஏறியது.

ஓர் இலவச முகாமுக்குப் போனேன். எனக்கு முன்னால் இருந்த அம்மாவுக்கும் அதே கதைதான்.

"சாமையும் சோறு மாதிரிதாம்மா, அளவு வேணும். எவ்ளோ வேணாலும் சாப்புடலாம்னு யாரு சொன்னது?" என்று கேட்டார் உணவு ஆலோசகர்.

"மளிகைக்கடை பாய்தாங்க. அவரு பொய் சொல்ல மாட்டாரு."

பின்னால் உட்கார்ந்திருந்த என்னை அந்த அம்மா பார்க்கவில்லை. நழுவியிருக்கலாம். மனம் வரவில்லை. எழுந்து நின்றேன்.

"அந்த பாய் நான்தாங்க. தெரியாம சொல்லிட்டேன். இன்னா அளவுன்னு எனக்கும் சொல்லிக் குடுங்க."

ஆலோசகர் ஒரு தட்டை வரைந்து காட்டினார். பாதித் தட்டு காயும் கீரையும், கால் தட்டு பருப்போ முட்டையோ, மீதிக் கால்தான் சாமை. இப்போது சாமை கேட்கும் எல்லோருக்கும் அதைச் சொல்லித்தான் நிறுக்கிறேன்.

போன வாரம் புதிதாக ஒருவர் வந்தார். "முகாம்ல சாப்பாட்டு அளவு சொல்ற டாக்டரம்மா அனுப்புனாங்க. பாய் கடையில அளவும் சொல்லுவாங்கன்னாங்க."

கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பொய் சொல்ல மாட்டாரு" என்று அன்று முகாமில் அந்த அம்மா என்னைப் பற்றிச் சொன்னது இப்போதுதான் உண்மையாயிற்று.