வரிசை தப்பும் இடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் அமேசான் நதியைக் கண்டுபிடித்தேன்.

எங்கே என்கிறீர்களா? இங்கே மலேசியாவில், செனாவாங்கில். என் வீட்டு ஹாலில். டிவி திரையில்.

விஷயம் இதுதான். என் மைத்துனன் மோகன் — மனைவி வாசுகியின் தம்பி, லோரி ஓட்டுகிறவன் — ஒரு புது விளையாட்டோடு வந்திருந்தான். சாட்டிலைட் படத்தில் ஏதாவது ஓர் ஊரைப் பிடிப்பான். பெயர்களை எல்லாம் மறைத்துவிட்டு, வானத்திலிருந்து பார்க்கிற காட்சியை மட்டும் டிவியில் போடுவான். ஐந்து நிமிடத்துக்குள் அது எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

எனக்காகவே செய்த விளையாட்டு என்று நினைத்தேன். வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்களுக்கு உலக விஷயம் எழுதுகிறவன் அல்லவா? அலமாரியில் மூன்று அட்லஸ் இருக்கிறது. அதில் ஒன்றைத் திறந்துகூடப் பார்த்திருக்கிறேன்.

முதல் படம். பழுப்பு நிறத்தில் அகலமான ஓர் ஆறு. வளைந்து வளைந்து போகிறது. இரண்டு கரையிலும் அடர்ந்த பச்சை. நான் காலை நீட்டிக்கொண்டு வண்டல் மண், மழைக்காடு என்று ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். பிறகு தீர்ப்பு: "பிரேசில். அமேசானின் கிளை நதி. சந்தேகமே வேண்டாம்."

மோகன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "மாமா, இது நம்ம லிங்கி ஆறு. போன மாசம்தான் அங்க கரையில உட்கார்ந்து ரெண்டு பிளேட் இறால் சாப்பிட்டீங்க."

"மேலே இருந்து பார்க்கலையேப்பா..."

"அவரு எங்க ஆத்தைப் பார்த்தாரு? இறாலைத்தானே பார்த்தாரு" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசுகி இருபத்தாறு வருடமாக செனாவாங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். ஷிஃப்ட் வேலை. பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் சர்க்யூட் போர்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, எங்கே குறை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சமீபத்தில் அங்கே ஒரு மெஷின் வந்து இறங்கியிருந்தது. கேமரா வைத்து அதுவே பார்த்துவிடுமாம். இவளைப் போலப் பார்க்கிற பெண்கள் பத்துப் பேர். மெஷின் சொல்வது சரியா என்று சரிபார்க்க இரண்டு பேர் போதும். மற்ற எட்டுப் பேரும் பேக்கிங் பிரிவுக்கு. அந்த இரண்டு இடத்துக்கு இன்டர்வியூ. பெயர் கொடுக்கக் கடைசி நாள் — மறுநாள், திங்கட்கிழமை.

வாசுகி பெயர் கொடுக்கவில்லை.

"போய் என்னான்னு சொல்றது? இருபத்தாறு வருஷமா பார்த்தேன்னா? பார்க்கிறதெல்லாம் ஒரு வேலையா? எல்லாருக்கும்தான் கண்ணு இருக்கு." இது அவள் கட்சி.

நல்ல கணவன் என்றால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேக்கிங்னா கண்ணுக்கு ரெஸ்ட்தானே" என்றேன். இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறேன்.

போகட்டும். இரண்டாவது படத்துக்கு வருவோம்.

திரை முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். மேலே இருந்து பார்த்தால் ஒவ்வொரு மரமும் ஒரு பச்சை நட்சத்திரம். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் கூரைகள், ஒரு சாலை.

"சுமத்ரா" என்றேன். லிங்கியில் பட்ட அடி இன்னும் ஆறவில்லை. ஆனாலும் குரலில் உறுதி குறையவில்லை.

வடைத் தட்டோடு வந்த வாசுகி அப்படியே நின்றாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். "டேய், படத்தை ஆட்டாம வை" என்றாள். பத்து விநாடி இருக்கும்.

"இங்க வரிசை தப்புது."

நானும் மோகனும் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. அவள் எண்ணெய் விரலை டிவியிலேயே வைத்துக் காட்டினாள். (அந்த எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. துடைக்க எனக்கு மனசு வரவில்லை.)

"பாருங்க, நேரா வர்ற வரிசை இந்த இடத்துல மட்டும் ஒதுங்கிப் போகுது. நடுவுல ஒரு பெரிய மரம். அது செம்பனை இல்ல. மரத்தடியில செவப்பா ஒரு புள்ளி தெரியுதா? தகரக் கூரை. நம்ம ஆளுங்க கோயில்லா அது! அந்த மரத்துல கை வைக்க எவனுக்கும் தைரியம் வரல. வரிசையைத் தள்ளிப் போட்டுட்டாங்க."

சுமத்ராவிலும் தமிழர்கள் உண்டு என்று ஒரு சரித்திரக் குறிப்பைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் விரல் அதற்குள் மூலையில் இருந்த சாலைக்குப் போய்விட்டது.

"இந்த முக்கு... கல்யாணத்துக்கு முன்னால ஃபேக்டரி பஸ் இந்த வழியாத்தான் வரும். ரெண்டு வருஷம். இந்த முக்குல திரும்பும்போதெல்லாம் என் சாப்பாட்டு டப்பா உருண்டு முன் சீட்டுக்குப் போயிரும். ரந்தாவ்."

மோகன் பெயர்களைத் திரும்ப வரவைத்தான். ரந்தாவ்.

வாசுகி வடையை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடுகளை யார் போட்டது என்று யோசித்திருக்கிறீர்களா? கையில் கயிறும் குச்சியும். காலில் அட்டைக்கடி. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரு முழம் பிசகாமல் மைல் கணக்கில் நேர்க்கோடு பிடித்தவர்கள், தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள். வானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற கையெழுத்து அது. வேறு யாராவது போட்டிருந்தால் உலக அதிசயம் என்று சொல்லி டிக்கெட் விற்றிருப்பார்கள். அதைவிட எனக்குப் பெருமை, அந்தக் கோடு விலகுகிற இடம். எந்த மானேஜருக்கும் வளையாத வரிசை, மரத்தடி முனியாண்டிக்கு வளைந்திருக்கிறது!

அதை இத்தனை காலமாக எத்தனை சாட்டிலைட் படம் எடுத்திருக்கும்? கண்டுபிடித்தது யார்? வடை சுட்டுக்கொண்டிருந்த ஒருத்தி.

"அக்கா, எப்படிக்கா?" என்று மோகன் சமையலறை வாசலுக்கே போய்விட்டான்.

"போர்டுல பொடிப்பொடியா கம்பிக் காலு வரிசையா நிக்கும்டா. ஒண்ணு சாஞ்சிருந்தா கண்ணு தானா அங்க போயிரும். அது மாதிரிதான்."

மூன்றாவது படம் போட்டான். மணல் நிறத்தில் ஏதோ ஓர் ஊர். நான் உடனே "எகிப்து" என்றேன். வாசுகி வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது எனக்குத் தெரியல" என்றாள்.

"சும்மா ஏதாச்சும் ஒரு ஊரைச் சொல்லுக்கா, மாமா மாதிரி."

"தெரியாததை எப்படிடா சொல்றது? எங்க மேசையில மூணு தட்டு இருக்கும். நல்லது, கெட்டது, சந்தேகம். எங்க போர்டு காருக்குள்ள போறது. சந்தேகத்தைத் தூக்கி நல்லதுல போட்டோம்னா, எவனோ ஒருத்தன் பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரிய வரும்."

அவள் சாதாரணமாகச் சொன்னாள். நான்தான் கையில் எடுத்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

இருபத்து நான்கு வருடத் தாம்பத்தியம். அவள் பார்க்கிற போர்டு காருக்குள் போகிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 'கூர்ந்து கவனிப்பது எப்படி' என்று இதே பக்கத்தில் உங்களுக்கு இரண்டு வாரம் பாடம் நடத்தியவன் நான்!

"வாசுகி, நான் சொன்னது தப்பு. பேக்கிங்குக்குப் போகாதே. நாளைக்குப் பேர் கொடு" என்றேன்.

"இங்கிலீஷ்ல கேட்டா நான் என்ன செய்யிறது?"

"மலாய்ல சொல்லுக்கா" என்றான் மோகன். "போர்டுக்கு என்ன இங்கிலீஷா தெரியும்?"

சிரித்தாள். ஆனால் சரி என்று சொல்லவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்து, காலணியைக் கழற்றும்போதுதான் சொன்னாள். "ஆபீஸ் மூட பத்து நிமிஷம் இருந்துச்சு. கொடுத்துட்டேன்."

வியாழக்கிழமை இன்டர்வியூ. கேள்வி கேட்டது ஒரு சின்ன வயது என்ஜினியர் பெண். மெஷின் 'நல்லது' என்று தள்ளிவிட்ட ஐந்து போர்டுகளைத் திரையில் காட்டினாளாம். வாசுகி மூன்றில் குறை கண்டுபிடித்தாள். ஒன்று நல்லது என்றாள். ஐந்தாவதைப் பார்த்தாள், பார்த்தாள்... "தாக் பாஸ்தி" என்று மலாயில் சொல்லிவிட்டாள். நிச்சயமாகச் சொல்ல முடியாது, கரண்ட் கொடுத்துச் சோதித்தால்தான் தெரியும் என்று.

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "மத்தவங்க எல்லாம் அஞ்சுக்கும் பதில் சொல்லிட்டு வந்தாங்க. நான் ஒருத்திதான் தெரியலைன்னு வந்திருக்கேன். போச்சு." நான் ஆறுதல் சொல்லவில்லை. என் ஆறுதலின் தரம்தான் உங்களுக்குத் தெரியுமே.

அடுத்த புதன்கிழமை அந்த என்ஜினியர் பெண் அவளைக் கூப்பிட்டுச் சொன்னாளாம்: "அக்கா, அந்த ஐந்தாவது போர்டுக்கு எங்களுக்கே பதில் தெரியாது. படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொன்னது நீங்கள் ஒருவர்தான்."

இரண்டு இடத்தில் ஒன்று வாசுகிக்கு!

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? எங்கள் தாமானில் வீடு வீடாகச் சொன்னேன். மீ கோரேங் கடைக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். மோட்டார் சைக்கிள் பட்டறையில், பழுதே இல்லாத மோட்டாரைக் கொண்டுபோய் நிறுத்திச் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். என் புத்தகம் வெளிவந்த அன்றுகூட நான் இத்தனை பேரைத் தொந்தரவு செய்ததில்லை.

புது வேலையில் ஒரு வாரம் முடிந்து வந்தவளிடம் கேட்டேன். "மெஷின் எப்படி?"

"வேகம்தாங்க, குறை சொல்ல முடியாது. ஆனா அப்படியே உங்களை மாதிரி. தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குது. பக்கத்துலேயே ஒரு ஆள் நின்னு பார்த்துக்கிட்டு இருக்கணும்."

அந்த வேலையில் அவளுக்கு இருபத்து நான்கு வருட முன்அனுபவம் உண்டு. இன்டர்வியூவில் சொல்லத்தான் மறந்துவிட்டாள்.