டீ வேண்டாம் என்ற இரண்டு பேர்

நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதம் நடந்தது இது. கூடுவாஞ்சேரியில் ரயில் பாதையைத் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் காலனி. அந்த வருட மழையில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்தபிறகு சேறு மட்டும் நின்றது.

நானும் என் வீட்டுக்காரரும் தட்டால் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தோம். வாசலில் இரண்டு பையன்கள் வந்து நின்றார்கள். இருபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, நெஞ்சில் கறுப்பு பேட்ஜ். ஒருவன் அமெரிக்காக்காரன், நல்ல உயரம். இன்னொருவன் ஆந்திரா, தமிழ் பேசுவான். இரண்டு பேர் கையிலும் மண்வெட்டி.

"உதவி பண்ணலாமா அக்கா?" என்று ஆந்திராப் பையன் கேட்டான்.

மார்மன் என்கிற கிறிஸ்தவ சபையில் ஊழியக்காரர்களாம். வீட்டை விட்டு வந்து இரண்டு வருடம் ஊழியம் செய்ய வேண்டுமாம். பேட்ஜில் எல்டர் என்று போட்டிருந்தது. மூத்தவர் என்று அர்த்தமாம். என் வீட்டுக்காரர் விடுவாரா.

"மூத்தவரா? மீசையே மொளைக்கல, நீ இன்னாடா மூத்தவரு?"

ஆந்திராப் பையன் அதை உயரமானவனுக்கு இங்கிலீஷில் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்கள். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். மதியம் வரை நிமிரவில்லை. நனைந்த பீரோவை வெளியே தூக்கிப் போட்டது அந்த உயரமானவன்தான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தெருத் தெருவாக அலைந்து பால் வாங்கி வந்தேன். பரணில் இருந்த சில்வர் டம்ளரை இறக்கிக் கழுவினேன். விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற டம்ளர் அது. ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொண்டு வந்து நீட்டினேன்.

உயரமானவன் நெஞ்சில் கையை வைத்து, தலையை ஆட்டி, வேண்டாம் என்றான். ஆந்திராப் பையனும் வேண்டாம் என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் காலனிக்கு ஓட்டுக் கேட்க வருகிறார்கள், கணக்கெடுக்க வருகிறார்கள். டீ கொடுத்தால் ஒருவரும் தொடமாட்டார்கள். இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். சுகர் என்பார்கள். விரதம் என்பார்கள். எங்கள் வாசலுக்கு வந்ததும் எல்லாருக்கும் வயிறு நிறைந்துவிடும். கடப்பாக்கம் பக்கம் என் சொந்த ஊரில் என் அப்பா டீக்கடைக்கு வெளியே நின்று தனி கிளாஸில் குடித்தவர். குடித்துவிட்டு அவரேதான் கழுவி வைக்க வேண்டும். அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்கிறார்கள். எங்கே போனது? நான் வேலை செய்த வீட்டில் எனக்கும் ஒரு தனி டம்ளர் இருந்தது. பாத்ரூம் ஜன்னலில் இருக்கும்.

அதனால் கேட்டுவிட்டேன்.

"எங்க வூட்டு சேறு மேலெல்லாம் ஒட்டிகினு கீதே, அது பரவால்லியா? டீ குடிச்சா மட்டும் இன்னா ஒட்டிக்கும்?"

"வெள்ளக்காரனுக்கும் சொல்லிக் குடுத்துட்டானுங்க போல கீது" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆந்திராப் பையனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் மாறிவிட்டது.

"அய்யோ அக்கா, அது இல்ல. எங்க சபையில டீ, காபி குடிக்கக் கூடாது. யார் வீட்லயும் குடிக்கமாட்டோம்."

"டீ குடிக்காத மனுசன் எந்த ஊர்லடா கீறான்? பொய் சொல்றதுக்கு வேற எதுவும் கெடைக்கலியா?"

அவன் நேராக எங்கள் தண்ணீர்க் குடத்துக்கிட்டே போனான். ஒரு டம்ளரை எடுத்து மொண்டான். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, வாய் வைத்துக் குடித்தான். மீதியை உயரமானவனிடம் கொடுத்தான். அவனும் வாய் வைத்துக் குடித்தான். அப்புறம் ஆந்திராப் பையன் என்னைப் பார்த்துச் சொன்னான்:

"எங்க நைனா ஊர்ல டீக்கடைக்கு வெளிய நின்னுதான் குடிச்சாரு அக்கா. எனக்குத் தெரியும். சோறு இருக்கா? பசிக்குது."

சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தது. போட்டேன். ஈரத் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காரத்தில் உயரமானவனுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. ஆனாலும் சோறு வைத்தால் நன்றி என்றான். தண்ணீர் கொடுத்தால் நன்றி. உப்பு வைத்ததற்கும் நன்றி. அவனுக்கு நன்றாக வந்த தமிழ் வார்த்தை அது ஒன்றுதான்.

"உப்புக்கே நன்றி சொல்லிட்டா, ஊருக்குப் போறப்ப சொல்றதுக்கு இன்னாடா மிச்சம் இருக்கும்?" என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு டம்ளர் டீயையும் அவரே குடித்தார்.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார்கள். நாள் முழுக்க வெயிலில் டையோடு நடக்கிற வேலை. ஒருவனை விட்டு ஒருவன் எங்கேயும் போகக் கூடாது. பாதி வீட்டில் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துவார்களாம். திங்கட்கிழமைதான் துணி துவைப்பது, அம்மாவோடு பேசுவது எல்லாம். ஒரு திங்கட்கிழமை உயரமானவன் போனில் அவன் அம்மாவுக்கு என்னைக் காட்டினான். அந்த அம்மா என்னமோ சொன்னது. "என் பிள்ளைக்குச் சோறு போட்டீங்களே, நன்றின்னு சொல்றாங்க" என்றான் ஆந்திராப் பையன். அவர்கள் சாமியைப் பற்றியும் சொன்னார்கள். எனக்கு மாரியாத்தா போதும்பா என்றேன். அதற்கும் உயரமானவன் ஒரு நன்றி சொன்னான்.

தை மாதம் என்று நினைக்கிறேன். நான் அப்போது வேலை செய்த வீட்டில், வீட்டுக்கார அம்மா வழக்கம்போல அந்த பாத்ரூம் ஜன்னல் டம்ளரில் டீ ஊற்ற வந்தார். பாத்திரம் டம்ளரில் படாமல் தூக்கி ஊற்றுவார். வருடக்கணக்காகப் பார்த்ததுதான். அன்றைக்கு எனக்கு அந்தப் பையன்கள் எங்கள் வீட்டில் வாய் வைத்துக் குடித்தது ஞாபகம் வந்தது.

"எனக்கு டீ வேணாம்மா."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறேன். இந்த வூட்ல குடிக்கிறதில்ல."

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். புரிந்துவிட்டது.

"இத்தனை வருஷம் டீ போட்டுக் குடுத்திருக்கேன். கொஞ்சமாவது நன்றி இருக்கா உனக்கு?"

நன்றியாம். அவர்கள் வீட்டு எச்சில் தட்டைக் கழுவியது என் கை. அவர் மாமியார் படுக்கையில் கிடந்தபோது பீத்துணி அலசியதும் என் கை. அப்போதெல்லாம் தீட்டு இல்லை. அந்த வாயிலிருந்து ஒரு நாளும் எனக்கு ஒரு நன்றி வந்ததில்லை. கடல் தாண்டி வந்த பையன் ஒரு கிள்ளு உப்புக்குச் சொன்னான்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சரி என்று கையைக் கழுவிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பையன்களிடம் சொன்னேன். ஆந்திராப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். மற்றவனுக்கு இங்கிலீஷில் சொன்னான். காரம் எதுவும் சாப்பிடாமலே உயரமானவன் காது சிவந்தது. சாரி என்றான்.

"நீ ஏன்டா சாரி சொல்ற? சொல்ல வேண்டியவங்க சொல்லல" என்றேன்.

பங்குனியில் இரண்டு பேரையும் வேறு வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சொல்லிவிட்டுப் போக வந்தார்கள். அதே சில்வர் டம்ளரில், ஏலக்காய் தட்டிப் போட்டு, சுடச்சுடப் பால் கொடுத்தேன். வாய் வைத்து, சொட்டு மீதி வைக்காமல் குடித்தார்கள்.

இப்போது வேறு வீட்டில் வேலை செய்கிறேன். முதல் நாளே எந்த டம்ளரில் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அங்கே துடைப்பத்தை எடுத்தேன். அந்தப் பையன்கள்மேல் வந்த கோபம் அன்றைக்கே போய்விட்டது. ஒருவர் டீ வேண்டாம் என்றதும் சாதிதான் காரணம் என்று நினைக்கும்படி எங்களை வைத்திருக்கிறவர்கள்மேல் உள்ள கோபம் மட்டும் ஆறவில்லை, அது ஆறவும் வேண்டாம்.