பௌர்ணமிக்கு மறுநாள் கறிக்குழம்பு

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சண்டை போட மாட்டோம். அதற்கு உடம்பில் தெம்பு இருக்காது. அம்மா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தாள். அப்பா ஆட்டோ ஓட்டினார். கிரிவலக் கூட்டம் வந்து போகிற இரண்டு நாளும் அம்மா பெட்ஷீட் மாற்றியே ஓய்ந்துபோவாள், அப்பா சவாரி அடித்தே ஓய்ந்துபோவார். வந்தவர்களுக்கெல்லாம் புண்ணியம் கிடைக்கும். எங்களுக்குக் கிடைப்பது மறுநாள் ஒரு நாள் லீவு.

அந்த லீவிலும் அம்மாதான் சமைப்பாள். முந்தின மாதம் அப்பா, "நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்" என்று வீரமாகச் சொன்னார். பிறகு மிளகாய்த்தூள் எங்கே என்று ஒரு தடவை எழுப்பினார், புளி எங்கே என்று ஒரு தடவை எழுப்பினார், மூன்றாவது தடவை கரண்டியோடே போய் நின்றார். அம்மா எழுந்து வந்து மொத்தச் சமையலையும் முடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதனால் இந்த மாதம் எங்களைக் கூப்பிட்டு வைத்து, "அம்மாவ யாருனா எழுப்புனீங்க, தோலை உரிச்சிடுவேன்" என்றார். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. எழுப்புகிற ஆளே அவர்தான் என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை.

தோசையும் கறிக்குழம்பும் என்று முடிவானது. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஒன்றாக, வயிறு முட்ட. நானும் அப்பாவோடு கறிக்கடைக்குப் போனேன். பாய் அரைக் கிலோவை வெட்டிப் பையில் போட்டுவிட்டு அப்பாவை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னாண்ணா, திதி இன்னும் முடியலியே. வீட்ல ஒத்துக்குவாங்களா?"

"அதான் நேத்து ராத்திரியோட முடிஞ்சுபோச்சே பாய்."

"காலண்டர பாருங்க. பதினோரு மணி வரைக்கும் பௌர்ணமிதான். அதுக்கு அப்புறம்தான் எனக்கே வியாபாரம்."

பௌர்ணமித் திதி இருக்கும்வரை அம்மா வீட்டுக்குள் கறியை விடமாட்டாள். வீட்டுக்கு வந்து காலண்டர் தாளைப் பார்த்தால் பாய் சொன்னதுதான் சரி. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. "இந்த ஊர்லயே பொறந்து வளந்து, திதி பாக்காம கறி வாங்கினவன் நான் ஒருத்தன்தான்" என்று அப்பா தன்னையே திட்டிக்கொண்டார், அதுவும் உரக்க. நான் பதறிப்போய் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். எங்களுடையது ஒரே அறை. அதற்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் கதவு கிடையாது, பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தோம்.

கறியை மூடிப் பின்பக்கத் துவைக்கிற கல்மேல் வைத்தோம். காக்கா விரட்டக் குச்சியோடு தம்பியை உட்கார வைத்தோம். பசியில் அவன் அழத் தொடங்கியதும் அப்பா கொஞ்சம் பொட்டுக்கடலையைக் கையில் திணித்தார். பிறகு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவர், நாலாவது வெங்காயத்தில் அப்படியே சுவரில் சாய்ந்து குறட்டை விட்டார். அவரும் இரண்டு மணி நேரம்தான் தூங்கியிருந்தார். மீதியை நான் உரித்தேன். கண் எரிந்தது, கடிகாரம் நகரவே இல்லை.

பதினொன்று அடித்ததும் அப்பாவை உலுக்கினேன். அவர் அவசரமாகத் தாளித்துக் குக்கரை ஏற்றினார். ஏற்றிய பிறகுதான் இரண்டு பேருக்கும் விசில் ஞாபகம் வந்தது.

"வெயிட்டு ஆடும் பாரு பாப்பா, கூவறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணிடு. கொஞ்சம் கழிச்சு மறுபடி பத்த வெக்கலாம்."

இப்படிச் சொல்லிவிட்டு அவர் தோசைக்கல்லைத் தேடப் போனார். நான் குக்கரையே முறைத்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் ஒரு மாதத் தூக்கமும் அந்த இரும்புக் குண்டில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இரண்டு தடவை சரியாக நிறுத்திவிட்டேன். மூன்றாவது தடவை, கறி உள்ளே போன பிறகும் குச்சியை விடாத தம்பி காக்கா வந்ததென்று கத்தினான். நான் திரும்பினேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி விசில் அடித்தது.

அப்பா கையில் தோசைக்கல்லோடு உறைந்து நின்றார். மெதுவாகப் போய்த் திரையை விலக்கிப் பார்த்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண்ணைப் பார்க்க முடியவில்லை. வலது கால் கட்டைவிரல் மட்டும் மேலும் கீழுமாக, நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா தூங்குதுப்பா" என்று வந்து சொன்னேன்.

"பாவம், அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கறா" என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் உரித்து வெகு நேரம் ஆகியிருந்தது.

பிறகு குக்கர் இஷ்டத்துக்குக் கூவியது. முதல் தோசையைத் திருப்பிப் போட்டபோது, யாரும் கூப்பிடாமலே அம்மா வந்து தட்டைப் போட்டு உட்கார்ந்தாள்.

"திதி முடிஞ்சப்புறம்தானே கறிய ஏத்துனீங்க?"

"ஆமாமா, பாத்துதான் ஏத்துனோம். நாங்க பட்ட பாடு உனக்கு எங்க தெரியும்? நீ நல்லா தூங்கிட்ட."

"ஆமா" என்றாள் அம்மா. "உப்பு கம்மி. இன்னொரு தோசை போடுங்க." அன்று ஐந்து தோசை சாப்பிட்டாள், ஒரு தடவைகூட எழுந்து போகாமல். என் தலையில் கை வைத்து, குக்கரை நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று பாராட்டினாள். தூங்கிக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. அம்மாக்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் நர்ஸ். பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம், கால் வீங்கினவர்களுக்கு மருந்து போட்டு என் கால் வீங்கும். இன்று எனக்கு லீவு. சமையலறையில் என் வீட்டுக்காரர் சோம்பு எது, சீரகம் எது என்று மகளிடம் கிசுகிசுக்கிறார். இரண்டும் எந்த டப்பா என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. குக்கர் ஓங்கிக் கூவுகிறது. மகள் வந்து எட்டிப் பார்க்கிறாள், நான் சுவரைப் பார்த்தபடி மூச்சைச் சீராக விடுகிறேன்.

"அம்மா தூங்குதுப்பா" என்று போய்ச் சொல்கிறாள்.

என் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருப்பதை அப்புறம்தான் கவனிக்கிறேன்.