வடக்கு ஜன்னலுக்கு வந்த வெயில்

தங்கை மகளுக்குக் கொல்லிமலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, அவளைக் கொண்டுபோய் விட்டுவர நானும் போயிருந்தேன். ஓர் அறையைத் திறந்து காட்டினாள். முதலில் வந்தது புது பிளைவுட், வார்னிஷ் வாசனை. கொஞ்சம் பொறுத்து, அதற்கு அடியிலிருந்து நனைந்த கருங்கல் வாசனை மெல்ல எழுந்தது. கால் தானாக நின்றுவிட்டது.

"இது ஆபரேஷன் ரூம்டி" என்றேன்.

"செமினார் ஹால், பெரியம்மா" என்று சிரித்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் சொன்னது சரிதான். நான் வேலை பார்த்த பழைய கல் ஆஸ்பத்திரியை இடிக்காமல், கூரை ஓடுகளை மட்டும் மாற்றி, பக்கத்தில் கண்ணாடியும் இரும்புமாகப் புதுக் கட்டடங்களை எழுப்பியிருக்கிறார்கள். பிரசவ வார்டு நூலகமாகிவிட்டது. மருந்து கொடுத்த ஜன்னலில் காபி கொடுக்கிறார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மேகம் வந்து உரசிப் போகிறது. திருவிழாவுக்கு வந்தவள் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன்.

நான் முதன்முதலில் அங்கே போய்ச் சேர்ந்ததுகூட அப்படியொன்றும் கம்பீரமாக இல்லை. நர்ஸ் படிப்பு முடித்த கையோடு வேலை கிடைத்தது. கொண்டை ஊசி வளைவு ஒன்று விடாமல் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறினேன். சோளக்காடு என்ற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அன்னாசி விற்ற பெண் ஒருத்தி தண்ணீர் கொடுத்து, "ஆசுபத்திரிக்குங்களா? சேந்துக்கறதுக்கா?" என்று கேட்டாள். நோயாளி என்றே நினைத்துவிட்டாள். மறுக்கவும் எனக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டாக்டரம்மா. அதிகம் பேச மாட்டார். அவர் குவார்ட்டர்ஸில் ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ இருந்தது. அவர் அதில் முகம் பார்த்து நான் கண்டதில்லை. அவர் ரவுண்ட்ஸ் போகும் நேரம் பார்த்து நாங்கள் போய்த் தலை சீவிக்கொள்வோம்.

அந்த வருஷம் ஐப்பசியில் பேய்மழை. கரண்ட் கம்பங்கள் சாய்ந்தன. ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. ஜெனரேட்டருக்கு டீசலும் தீர்ந்தது. மழை விட்டு வெயில் வந்த மத்தியானம், வளப்பூர் நாடு என்ற மலையூரிலிருந்து நல்லம்மா என்ற பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். தலைப்பிரசவம். முந்தின நாளிலிருந்து வலி. குழந்தை குறுக்கே கிடந்தது. கூடவே அவள் அப்பா சடையனும், ஊரில் பாதிப் பேரும்.

கீழே அனுப்ப வழியில்லை. ஆபரேஷன் அறைக்கோ வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல். அதில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. மயக்க மருந்தின் ஆவியில் தீப்பிடிக்கும் என்பதால் பெட்ரோமாக்ஸை உள்ளே கொண்டுவர முடியாது. டார்ச் லைட் மங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஜன்னல் வழியாக முற்றத்து வெயிலைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தன் பீரோக் கதவைக் கழற்றி எடுத்துவரச் சொன்னார். பயத்தில் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சடையனும் இன்னும் சிலரும் கதவைத் தூக்கி முற்றத்தில் நிறுத்தினார்கள். கதவுக் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முதலில் அறையின் உத்தரத்தில் விழுந்தது. பிறகு சுவரில் இறங்கியது. "இன்னுங் கொஞ்சம் சாயுங்க" என்று நான் ஜன்னலில் நின்று சொல்லச் சொல்ல, நல்லம்மாவின் வயிற்றின் மேல் வந்து நின்றது. அந்த அறையில் அவ்வளவு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

டாக்டரம்மா கத்தியை எடுத்தார். கை உள்ளே இருக்கும்போது மேகம் மறைத்தது. அறை அணைந்துபோனது. அவர் கையை அசைக்காமல் நின்றார். நான் வெளியே பார்த்தேன். முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அழவில்லை, சாமியைக்கூடக் கூப்பிடவில்லை. ஒரு குழந்தை இருமியது. அதன் தாய் வாயைப் பொத்தினாள். மேகம் விலகியது. கதவு பிடித்தவர்கள் இம்மியும் நகராததால், வெளிச்சம் விட்ட இடத்திலேயே வந்து விழுந்தது.

பெண் குழந்தை. காலைப் பிடித்து வெளியே இழுத்ததும் நீலமாகக் கிடந்தது. முதுகைத் தேய்த்துத் தேய்த்து அழ வைத்தேன். தையல் முடிந்து நான் வெளியே வந்தபோது வெயில் மேற்கு மேட்டுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. அவர்கள் அப்போதும் கதவைப் பிடித்தபடியே நின்றார்கள்.

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. எறக்கிடுங்க" என்றேன்.

சடையன் என்னைப் பார்த்தார். "டாக்டரம்மா சொன்னாங்களா, கண்ணு?"

நான் அவ்வளவு பெரிய ஆளில்லை. உள்ளே போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். அவர் சொன்ன பிறகுதான் இறக்கினார்கள். மடக்க முடியாமல் விறைத்துப்போயிருந்த கைகளோடு, அங்கேயே தரையில் உட்கார்ந்து சடையன் அழுதார். டாக்டரம்மாவும் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டார்.

இதையெல்லாம் தங்கை மகளிடம் சொல்லியபடி வடக்குப் பக்கம் சுற்றி வந்தேன். நோயாளியைத் தூக்கி வருகிற ஊர்க்காரர்கள் அந்தச் சுவரோரம்தான் தங்குவார்கள். கல் கூட்டிப் பொங்கித் தின்று, உள்ளே படுத்திருப்பவர் எழுந்து நடக்கும்வரை அங்கேயே கிடப்பார்கள். இப்போது ஆம்புலன்ஸ் வந்துவிடுகிறது. துணைக்கு ஒருவர் போதும். நல்லதுதான். அன்றைக்கு ரோடும் ஆம்புலன்ஸும் இருந்திருந்தால் நல்லம்மா அப்படித் துடித்திருக்க மாட்டாள்.

சுவரில் கொத்தனார் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே முன்பு அடுப்புக் கரி ஏறியிருக்குமே என்று கேட்டேன்.

"எவ்வளவு தேச்சும் போவலீங்க. அதான் மேல பூசிட்டமுங்க" என்றார்.

பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. ஓர் உயிருக்காக ஓர் ஊரே வந்து உட்கார்ந்திருந்த அந்த இடத்தில், சைக்கிள் நிறுத்துமிடம் என்று எழுதிய பலகை ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.