கடைசி நிறுத்தம், விளையாட்டுப் பூங்கா

மல்சுன் கண்டக்டராக இருந்த பஸ்ஸுக்கு மலையடிவாரத்து விளையாட்டுப் பூங்காதான் கடைசி நிறுத்தம். வசந்தகாலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சியோல் நகரமே அந்த ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டதோ என்று தோன்றும். கதவின் இரண்டு கம்பிகளையும் பிடித்துத் தொங்கிக்கொண்டு, வயிற்றாலேயே ஜனங்களை உள்ளே அமுக்கி, பக்கத் தகரத்தைப் படபடவென்று தட்டி, "போலாம் ரைட்!" என்று கத்துவாள். கதவு மூடுவதற்கு முன்பே வண்டி நகர்ந்துவிடும்.

பூங்கா வாசலில் குழந்தைகள் இறங்கி ஓடுவார்கள். மரங்களுக்கு மேலே டிராகன் முகம் வைத்த ரயில் ஒன்று தண்டவாளத்தில் ஏறி, ஒரு கணம் தயங்கி, தலைகுப்புற இறங்கும். அலறல் வாசல்வரை கேட்கும். மல்சுன் சில்லறைப் பையை இடுப்பில் இறுக்கியபடி அண்ணாந்து பார்ப்பாள். அதற்குள் டிரைவர் ஹார்ன் அடித்துவிடுவார். கிராமத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்தவள், கல்யாணம் ஆகும்வரை அந்த வாசலுக்கு ஆட்களைக் கொண்டுவந்து கொட்டினாளே தவிர, ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை. விடுமுறை கிடைத்தால் விடுதியில் படுத்துத் தூங்கவே அவளுக்குப் பொழுது போதாது.

ஹார்ன் அடித்த அந்த டிரைவர்தான் தொக்மான். அதிகம் பேசாத, அகலத் தோள்காரன். அவனையே கட்டிக்கொண்டாள். அவள் வயிற்றில் பிள்ளை தங்கிய சில மாதங்களில், அந்தக் காலத்து ஆண்கள் பலரைப் போல அவனும் அரபு தேசத்துக்கு லாரி ஓட்டப் போனான். முதல் ஒப்பந்தம் முடிந்து லீவில் வந்தபோது மகள் போராவுக்கு எட்டு மாதம்.

அப்பாவைப் பார்த்ததும் போரா வீறிட்டு அழுதாள். மீசையினால்தான் என்று நினைத்து மீசையை எடுத்தான். அப்போதும் அழுதாள். தொப்பியைக் கழற்றினான், குனிந்து சிரித்தான், கிலுகிலுப்பை ஆட்டினான். எதுவும் எடுபடவில்லை.

"பாலைவன வெயில்ல வறுத்து அனுப்பிட்டாங்க போல. கதவைத் திறந்ததும் எனக்கே பக்குன்னு ஆயிடுச்சு. பச்சைக் குழந்தை என்ன பண்ணும்?" என்றாள் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரியான வீட்டுக்காரம்மா.

தொக்மான் சிரித்து வைத்தான். ஆனால் அன்றிலிருந்து குழந்தை விழித்திருக்கும்போது முற்றத்துக்குப் போய் சிகரெட் பற்றவைத்துக்கொள்வான். தூங்கியபிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். திரும்பிப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மே அஞ்சாம் தேதி குழந்தைகள் தினத்துக்குப் பூங்காவுக்குப் போலாமா?" என்று ஒருநாள் கேட்டான்.

"எட்டு மாசக் குழந்தைக்கு அங்க என்னங்க தெரியப் போகுது?"

"அவளுக்குத் தெரிய வேணாம். எனக்குத் தெரிஞ்சாப் போதும். பாலைவனத்துல போய்ப் படுத்தா நினைச்சுக்க ஒண்ணு வேணாமா, போரா அம்மா?"

மல்சுன் சரி என்றாள். உள்ளுக்குள் அவளுக்கும் அந்த டிராகன் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உலர்ந்த கடல்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டி நறுக்கி அடுக்கினாள். அவித்த முட்டை, பால்பவுடர் டப்பா, வெந்நீர் பிளாஸ்க், துணி, மாற்றுத் துணி, அதற்கும் மாற்றுத் துணி என்று பை பிதுங்கியது. சிவப்புப் பூப்போட்ட கட்டுப்போர்வையால் போராவை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அதே பழைய பஸ்ஸில் இப்போது பயணியாக ஏறினாள். புதிதாக வந்திருந்த கண்டக்டர் பெண் கூட்டத்தை உள்ளே தள்ள முடியாமல் தவித்தாள். "வயித்தால தள்ளும்மா, கையால தள்ளினா கை போயிடும்!" என்று மல்சுன் குரல் கொடுத்ததும் பஸ் முழுக்கச் சிரித்தது.

பூங்காவில் எள் போட இடமில்லை. அகேசியா பூ வாசனையும், தாள் கூம்பில் விற்கிற வேகவைத்த பட்டுப்புழு வாசனையும் கலந்து அடித்தன. மரக்குதிரை ராட்டின வரிசையில் நின்ற ஒரு அம்மாள் மல்சுனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, இந்தக் கூட்டத்துல கைக்குழந்தைய யாராவது தூக்கிட்டு வருவாங்களா? குதிரைய அது பாக்குமா, இல்ல நீ பாக்கவா?"

"நான் பாக்கத்தாங்க வந்தேன். இவ எனக்குத் துணைக்கு வந்திருக்கா."

மரத்தடியில் விரிப்புப் போட்டார்கள். தொக்மான் புட்டியில் பால் கலந்தான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "சூடு சரியா இருக்கு" என்றான். மல்சுன் வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "வாய் வெந்துடும்!" என்றாள். ஸ்டியரிங் பிடித்து மரத்துப்போன அவன் கைக்குச் சூடே உறைக்கவில்லை. அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

தலைக்கு மேலே டிராகன் ரயில் தடதடத்தது. மல்சுன் வாயில் வைத்த சோற்றை மென்று விழுங்க மறந்து பார்த்தாள்.

"போய் ஏறிட்டு வா" என்றான் தொக்மான்.

"இவள யாரு வச்சிக்கிறது? உங்க கையில ஒரு நிமிஷம் இருக்க மாட்டாளே."

அவன் கட்டுப்போர்வையை எடுத்து அவளிடம் நீட்டினான். பிறகு எழுந்து முதுகைக் காட்டிக் குனிந்தான். "என் முதுகுல கட்டு."

"என்னங்க, பொம்பளைங்க கட்டுற போர்வை! நாலு பேர் பாத்தா என்ன சொல்வாங்க?"

"பாலைவனத்துல ஒட்டகமே என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கு. நீ கட்டு."

போரா அழுதாள். மல்சுன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, அந்த அகல முதுகைச் சுற்றிப் போர்வை போதாமல் இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு வரிசைக்கு ஓடினாள். பின்னால் இரண்டு இளவட்டங்கள், "அங்க பாருடா, பொண்டாட்டிக்குப் பயந்த புண்ணியவான்!" என்று கிண்டலடித்தது கேட்டது. "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும் தம்பிங்களா, உங்க முதுகையும் பாக்கறேன்!" என்றது தொக்மானின் குரல். அதிகம் பேசாத மனிதன்தானா இது என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

ரயில் உச்சிக்கு ஏறியது. கீழே பஸ் நிலையம் தெரிந்தது. பஸ்கள் தீப்பெட்டிகளாக நின்றன. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்த இடம் அவ்வளவு சின்னதா என்று அவள் நினைப்பதற்குள் வண்டி கவிழ்ந்தது. மற்றவர்கள் அம்மாவைக் கூப்பிட்டு அலற, மல்சுன் வாயிலிருந்து, "போலாம் ரைட்!" என்றுதான் கத்தல் வந்தது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் அந்தப் பயத்திலும் சிரித்துவிட்டாள்.

இரண்டாவது ஏற்றத்தில் கூட்டத்துக்கு நடுவே சிவப்புப் பூப்போர்வை தெரிந்தது. ஒரு பெரிய முதுகு, மேடு பள்ளத்தில் பஸ் போவதுபோல மெல்ல ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தது.

இறங்கியதும் ஓடி வந்தாள். தொக்மான் விரலை உதட்டில் வைத்தான். போரா அவன் பிடரியில் கன்னம் நசுங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். எச்சில் வழிந்து சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"என் மூஞ்சியப் பாக்காம இருந்தாப் போதும்போல இவளுக்கு" என்று கிசுகிசுத்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருந்த முகம் திடீரென்று கோணியது. சட்டென்று பலூன்காரன் பக்கம் திரும்பிக்கொண்டான். மல்சுன் முட்டையை உரித்து, உப்பில் தொட்டு அவன் வாயில் ஊட்டினாள்.

அதற்குப் பிறகு குழந்தையை இறக்க அவன் சம்மதிக்கவே இல்லை. திரும்பும் பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். முதுகில் பிள்ளையோடு எப்படி உட்காருவது? வீடு வரும்வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தான். வீட்டுக்காரம்மா வாயைப் பிளந்தபடி கேட்டைத் திறந்தாள்.

மிச்சமிருந்த நாட்களில் அவன் முற்றத்துக்குப் போய் சிகரெட் பிடிக்கவில்லை. போனபின்பு சில நாட்கள் போரா தூங்க அடம்பிடித்தாள். அவனுடைய பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அதன்மேல் அவளைக் கட்டிப் பார்த்தாள் மல்சுன். தூங்கிவிட்டாள்.

அவன் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது போரா நன்றாகப் பேசினாள். அப்பாவை, "மாமா, எப்ப உங்க வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டாள். இந்தத் தடவை தொக்மான் அவசரப்படவில்லை. தினமும் மஞ்சள் முலாம்பழம் வாங்கி வந்து நறுக்கி வைப்பான். அவள் அப்பா என்று கூப்பிட ஒரு கோடைகாலம் பிடித்தது. அதன்பின் ஓய்வு பெறும்வரை ஊருக்குள்ளேயே பஸ் ஓட்டினான். மல்சுன் சந்தை முனையில் கூட்டு, ஊறுகாய்க் கடை போட்டாள். பூங்கா இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். கதவு தானாக மூடிக்கொள்ளும் பஸ்ஸில் அந்த வழியே போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். ரயில் ஏறிய உயரத்தில் யாரோ துணி உலர்த்தியிருப்பார்கள்.

தொக்மான் போய்ச் சேர்ந்த முதல் வருட நினைவு நாளில் படையல் முடித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். போராவுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

"அம்மா, பூங்காவுக்குப் போன அந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். "அப்பா முதுகுல இருந்து யானை பாத்தேன்."

"எட்டு மாசத்துல யானையாம்!" என்று மாப்பிள்ளை சிரித்தார். "நீ பிறந்ததே உனக்கு ஞாபகம் இருக்குன்னு சொல்வே போல. அத்தை, அந்தப் பூங்காவுல யானை இருந்துச்சா?"

மரக்குதிரையும், டிராகன் ரயிலும், முட்டிக்கொள்ளும் கார்களும், பலூன்காரனும்தான் அங்கே இருந்தார்கள். மல்சுன் மகளின் தட்டில் மீன் துண்டை முள் நீக்கி வைத்தாள்.

"இருந்துச்சே" என்றாள். "பெரிய யானை. உங்க அப்பாதான் கிட்டக்கக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு."